அசையாத இரண்டு கோடுகள்

அத்தியாயம் 6

பதினான்கு பேரைக் கொன்ற படகு, காகிதத்தின்படி இன்னும் பத்திரமாக மிதந்துகொண்டிருந்தது.

அந்தக் காகிதத்தை மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரித்துவைத்துக்கொண்டு நின்றார் ஊசி. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். வலிக்காது என்று சொல்லிக்கொண்டே குத்திவிடுவார் என்பதால் அங்கே விழுந்த பெயர் அது. ஓய்வுபெற்றுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது.

அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றவன் மைக்செட். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையை இருபது வருடம் நடத்திவிட்டு, கடையை மூடிய மறுநாளே ஊசியிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். கடை போய்விட்டது. சத்தம் போகவில்லை.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண் பொறியாளர். படகு கவிழ்ந்து அன்றோடு ஒன்பது நாள். படகை ஓட்டியவர் அவளுடைய அண்ணன். இறந்த பதினான்கு பேரில் அவரும் ஒருவர். படகின் பாரத்தை அளக்கும் கருவியைச் செய்தவள் அவள். அந்தக் கருவியின் பதிவுதான் மேசையில் விரிந்திருந்த காகிதம்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு விசாரணைக் குழு தன் முடிவைச் சொல்லப்போகிறது. என்ன சொல்லும் என்பது ஊருக்கே தெரியும். பாரம் அளவோடுதான் இருந்தது, ஓட்டுநர் வளைவில் வேகமாகத் திருப்பியதுதான் காரணம். ஓட்டுநரின் மனைவிதான் ஊசியைத் தேடி வந்தவர். "பதினெட்டு வருஷமா அதே வளைவுல அதே வேகத்துல திருப்பினவரும்மா," என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

"இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுங்க," என்றார் ஊசி. "நர்ஸுக்குச் சொல்ற மாதிரி."

பொறியாளர் எழுந்தாள். அறையின் மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் முழ நீளத்துக்கு ஒரு மாதிரிப் படகு மிதந்தது.

"படகோட ரெண்டு பக்கமும், பெஞ்சுக்கு அடியில, இந்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அடிப்பக்கம் திறந்திருக்கும், ஆத்துத் தண்ணி உள்ள வரும். படகு எவ்வளவு தாழுதோ, குழாய்க்குள்ள தண்ணி அவ்வளவு ஏறும்."

"இந்த வெள்ளை வளையம்?"

"மிதவை. அதுக்குள்ள ஒரு சின்னக் காந்தம் இருக்கு. தண்ணியோட சேர்ந்து அதுவும் ஏறும், இறங்கும். குழாய்க்கு வெளியில இந்தப் பட்டையில வரிசையா சென்சார். காந்தம் எந்த உயரத்துல நிக்குதுன்னு அதுக்குத் தெரியும். தண்ணியைத் தொடவே வேண்டாம்."

"சரி. தெரிஞ்சு?"

"ரெண்டு பக்கமும் எல்லைக்குள்ள இருந்தா பச்சை விளக்கு. எந்தப் பக்கம் தாண்டினாலும் சிவப்பு. சிவப்பு எரிஞ்சா இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது."

"நம்ம வீட்டுக் கட்டிலுக்கு ஒண்ணு மாட்டணும்க்கா," என்றான் மைக்செட். "நான் படுத்தா அன்னிக்குப் பூரா சிவப்புதான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று அவனும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பேசாமல் இருந்தால் அந்த அறை இன்னும் மோசமாக இருக்கும் என்றுதான் பேசினான்.

பொறியாளர் மாதிரிப் படகில் ஓர் எடைக்கல்லை வைத்தாள். பக்கத்துத் திரையில் கோடு சட்டென்று ஏறி நின்றது. நின்ற இடத்திலும் நிற்காமல் நடுங்கியது.

"இப்ப நாம யாரும் தொடல," என்றார் ஊசி. "ஆனா கோடு ஆடுதே?"

"தண்ணி எப்பவும் ஆடிக்கிட்டேதான் இருக்கும். ரோட்டுல லாரி போனாக்கூட ஆடும். கட்டிப்போட்ட படகும் ஆடும்."

ஊசி மேசைக்குத் திரும்பிக் காகிதத்தில் விரலை வைத்தார். இரண்டு கோடுகள். மேலே இருப்பது இடது பக்கக் குழாய், கீழே வலது. விடியற்காலையிலிருந்து இரண்டும் புல் முளைத்த மாதிரி நடுங்கிக்கொண்டே வந்தன. இடது பக்கக் கோடு 6:41க்கு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராகிவிட்டது. வலது பக்கம் 6:42க்கு.

"ஆறே முக்காலுக்கு ஜனங்க ஏற ஆரம்பிக்கிறாங்க. ஒருத்தர் கால் வெச்சாலே படகு ஆடணும். இங்க ஒரு மயிரிழைகூட அசையல. 6:55க்குக் கிளம்புது. 7:06க்குக் கவிழுது. சாயங்காலம் பேட்டரி தீர்ற வரைக்கும் தலைகீழாக் கிடக்குது. கோடு மட்டும் அப்படியே இருக்கு."

"கருவி சமாதியில உக்காந்துடுச்சு போல," என்றான் மைக்செட், மெதுவாக.

"விசாரணைக் குழு இதைப் பார்க்கலையா?" என்று கேட்டார் ஊசி.

"கிளம்பினப்ப அளவு எவ்வளவுன்னு கேட்டாங்க," என்றாள் பொறியாளர். "அந்த ஒரு எண்ணைக் கொடுத்தேன்."

"நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல."

"காகிதம் எட்டடி நீளம்மா. ஒரே ஒரு இடத்துலதான் மடிப்பு விழுந்திருக்கு. சரியா 6:41ல. யாரோ அந்த இடத்துக்கு மேல படிக்க முடியாம மடிச்சு வெச்சிருக்காங்க."

பொறியாளர் அந்த மடிப்பையே பார்த்தாள். பஸ் நேரம் படிப்பவளின் குரலில் ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்:

"முதல் நாளே பார்த்துட்டேன். அண்ணன் முன்னெல்லாம் கரையில நின்னு, படகுப் பக்கவாட்டுல தண்ணி எங்க நிக்குதுன்னு கண்ணால பார்த்துட்டுதான் ஏறும். நான்தான் அந்தப் பழக்கத்தை விடச் சொன்னேன். 'உன் கண்ணை நம்பாதே, விளக்கை நம்பு'ன்னு. இந்தக் கோடு பொய்னு வெளியில சொன்னா, இதையும் சொல்லணும். அண்ணிகிட்ட சொல்லணும். அதான் மடிச்சேன்."

"அழுதீங்களா?"

"வரல."

"சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன். தூங்கறேன். எல்லாம் செய்றேன். எதுவும் தெரியல."

ஊசி அடுத்த கேள்விக்குப் போனார். மயக்க மருந்து இறங்காத நோயாளிகளிடம் ஆறுதல் பேசி நேரத்தை வீணாக்குகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"கோட்டை இப்படி நிறுத்தறதுக்கு என்ன வேணும்?"

"ஒரு பெரிய காந்தம் போதும். குழாய்க்கு வெளியில வெச்சா உள்ள இருக்கிற மிதவை அதோட ஒட்டிக்கும். அப்புறம் தண்ணி ஏறினாலும் அது ஏறாது."

"படகோட அகலம்?"

"பன்னிரண்டு அடி."

"அப்ப ஆள் ஒருத்தர்தான்," என்றார் ஊசி, கைப்பையை எடுத்துக்கொண்டே. "இடது பக்கம் குனிஞ்சு ஒண்ணை வெச்சுட்டு, பன்னிரண்டு அடி நடந்து, வலது பக்கம் குனிஞ்சு இன்னொண்ணை வெச்சிருக்காங்க. ஒரு நிமிஷம். ரெண்டு பேரா இருந்தா ரெண்டு கோடும் ஒண்ணாப் படுத்திருக்கும்."

"முதலாளிதான்க்கா," என்றான் மைக்செட் படியிறங்கும்போது. "பாரத்தை மறைக்கறதுல லாபம் யாருக்கு? படகு முதலாளிக்கு. கேஸ் முடிஞ்சுது. வீட்டுக்குப் போலாமா?"

"வா. முதல்ல படகைப் பார்ப்போம்."

*

பட்டறையில் படகை மரக்கட்டைகள்மேல் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். வெள்ளை உடம்பு முழுக்கச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே ஒரு பெஞ்சின் கீழ் யாருடையதோ ஒற்றைச் செருப்பு. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை போலும்.

"முதலாளி யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு," என்றார் மேஸ்திரி.

"நாங்க உள்ள போகலைங்க," என்றான் மைக்செட். "பெஞ்சுக்கு அடியிலதான் போறோம்."

மேஸ்திரி அதை யோசித்து முடிப்பதற்குள் ஊசி ஏணியில் ஏறிவிட்டார்.

இடது பக்க பெஞ்சின் கீழ் ஒரு மரப்பலகை மூடி. பூட்டு இல்லை, வெறும் கொக்கி. திறந்தால் குழாய். அதன் நடுவில் பழுப்பு நிற பார்சல் டேப் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டியும் ஒட்டாமலும் தொங்கியது. ஊசி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டேப்பின் முனையைப் பார்த்தார். கத்தரிக்கோல் வெட்டிய முனை நேராக இருக்கும். இது பல்லால் கடித்தது. கடித்த இடத்தின் நடுவில் பிறை வடிவத்தில் ஒரு சின்ன மிச்சம் துருத்திக்கொண்டிருந்தது.

அதைப் பக்குவமாக உரித்து, மாத்திரை வைக்கும் தகர டப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

"காந்தத்தைக் காணோமே," என்று மைக்செட் குனிந்தான். சட்டைப்பையிலிருந்த சாவிக்கொத்து நழுவி, தரைப்பலகை இடுக்கு வழியாகக் கீழே போனது. கையை விட்டுத் துழாவினான். பிடித்து இழுத்தான். வரவில்லை.

"அக்கா, கீழேருந்து யாரோ பிடிச்சு இழுக்கறாங்க."

"பேயா?"

"பேய்க்கு என் வீட்டுச் சாவி எதுக்கு? அங்க ஏற்கெனவே என் மாமியார் இருக்காங்க."

மேஸ்திரி பலகையைப் பெயர்த்துக் கொடுத்தார். இன்ஜின் உட்காரும் இரும்புச் சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் இரண்டு போல்ட், ஒரு கொண்டை ஊசி, மைக்செட்டின் சாவிக்கொத்து. படகைக் கிரேனில் தூக்கியபோது டேப் விட்டு உருண்டு, போகிற வழியில் இரும்பைக் கண்டதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலது பக்கத்துக் காந்தம் ஆற்றோடு போயிருக்க வேண்டும்.

மைக்செட் அதை இரண்டு கையாலும் பிய்த்து எடுத்தான். துடைத்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பேச்சு நின்றுவிட்டது. அவனைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

"சொல்லு," என்றார் ஊசி.

"இது ஸ்பீக்கர் காந்தம்க்கா. விளிம்புல பசை பாருங்க. இந்தச் செப்புக் கம்பி ஒரு முடி ஒட்டியிருக்கு பாருங்க, அது சுருள்ல இருந்து வந்தது. எட்டு அங்குலப் பெட்டி ஸ்பீக்கர். என் பொண்டாட்டியைவிட அதிக நாள் இதோட குடும்பம் நடத்தியிருக்கேன்."

ஊசி மேஸ்திரி பக்கம் திரும்பினார். "உங்க முதலாளி காலையில எத்தனை மணிக்கு வருவார்?"

"ஒன்பதுக்கு முன்னாடி அவரைப் பார்த்தவங்க யாரும் உயிரோட இல்லைங்க." சொல்லிவிட்டு, எந்தப் படகின் மேல் நின்றுகொண்டு சொன்னோம் என்பது உறைத்ததும் மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"ஆறே முக்காலுக்கு முன்னாடி படகுல யார் இருப்பாங்க?"

"யாரும் இருக்க மாட்டாங்க. ஓட்டுநர் கரையில டீ குடிச்சுக்கிட்டு நிப்பாரு. குறுக்கால ஒரு சங்கிலி, அவ்வளவுதான். தாண்டணும்னு நினைச்சா யார் வேணா தாண்டலாம்."

"ஆள் வெச்சுச் செஞ்சிருப்பாருக்கா," என்றான் மைக்செட். தான் சந்தேகப்பட்ட படகு முதலாளியை அவ்வளவு சுலபமாக விட அவனுக்கு மனமில்லை. "அவர் ஆபீஸ்ல பெரிய ஸ்பீக்கர் செட் இருக்கும் பாருங்க."

"அவருக்குப் பாட்டுச் சத்தமே ஆகாதுங்க," என்றார் மேஸ்திரி. "ஸ்பீக்கர்னா படகுத்துறையிலதான் ரெண்டு தொங்குது. அதுவும் கொஞ்ச நாளாப் பேசறதில்ல."

ஊசியும் மைக்செட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டா?" என்றார் ஊசி.

*

நான்கு மணிக்குப் படகுத்துறையில் வெயில் இன்னும் இறங்கவில்லை. அக்கரைத் தொழிற்சாலையின் மாலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் நான்கரை மணிப் படகுக்காகக் கூடியிருந்தார்கள். கவிழ்ந்த படகுக்குப் பதிலாக வந்த இன்னொரு படகு துறையில் கட்டப்பட்டிருந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே அதே கருவியின் பச்சை விளக்கு. சிலர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. படகில் ஏறும்போது எல்லோரும் ஒரு நொடி காலை எடுக்கத் தயங்கி, பிறகு வைத்தார்கள்.

சீட்டுக் கொடுக்கும் அறை, பெட்டி மாதிரி ஒற்றை ஜன்னலோடு நின்றது. அதன் இரு பக்கமும் கம்பத்தில் ஒவ்வொன்றாக ஸ்பீக்கர்கள். ஜன்னலுக்குள் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். சீட்டுக்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். படகு நேரத்தை வெளியே தலைநீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிப்போய், பாதி வார்த்தை காற்றாக வந்தது.

மைக்செட் ஏணி கேட்டு வாங்கி ஏறினான். ஒரு பெட்டியை விரலால் தட்டினான். இறங்கி, மறுபக்கம் போய் அதையும் தட்டினான். திரும்பி வந்து ஊசியின் காதருகே சொன்னான்:

"காந்தம் இருக்கிற பெட்டி 'தொம்'னு சொல்லும்க்கா. இது ரெண்டும் 'டப்'புங்குது. வெளியில சட்டை பேன்ட் எல்லாம் சரியா இருக்கு. உள்ள ஆள் இல்ல."

ஊசி தலையசைத்தார். அவர் பார்வை ஜன்னலில் இருந்தது.

சீட்டுக்காரம்மா மாற்றிய படகு நேரங்களை ஒரு தாளில் எழுதி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தார். பழுப்பு நிற பார்சல் டேப். ஒரு துண்டை இழுத்தார். கத்தரிக்கோலைத் தேடவில்லை. வாய்க்குக் கொண்டுபோய்க் கடித்தார். முன்பல் ஒன்றில் ஓரம் உடைந்திருந்தது. கடித்த டேப்பின் முனையில், உடைந்த பல் விட்ட இடத்தில், பிறை வடிவத்தில் ஒரு மிச்சம்.

ஊசி ஜன்னலருகே போனார். தகர டப்பியைத் திறந்து, உள்ளே இருந்த டேப்பைக் கண்ணாடியில் புதிதாக ஒட்டிய டேப்புக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒரே கடி.

சீட்டுக்காரம்மா இரண்டையும் பார்த்தார். முகத்தில் பயம் வரவில்லை. ஆச்சரியமும் வரவில்லை.

"ஒருத்தரும் வரலையேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்," என்றார். "உள்ள வாங்க. வெயிலா இருக்கு."

உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேசை, பேசாத மைக். ஊசி மேசையில் சாய்ந்து நின்றார். மைக்செட் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"யார் சொல்லிச் செஞ்சீங்க?"

"யாரும் சொல்லல."

"முதலாளி?" என்றான் மைக்செட்.

"அவருக்கு என் பேர்கூடத் தெரியாதுப்பா."

"பின்ன ஏம்மா?"

சீட்டுக்காரம்மா மைக்கின் கழுத்தைத் தொட்டுக்கொண்டு பேசினார்.

"அந்தக் கருவி வந்ததுலேருந்து தினமும் காலையில சிவப்பு எரியும். எரிஞ்சதும் நான் இதுல சொல்லணும். 'கடைசியா ஏறினவங்க எட்டுப் பேர் இறங்குங்க'ன்னு. சில நாள் பத்துப் பேர். இறங்கினா அடுத்த படகு எட்டு மணிக்கு. தொழிற்சாலைக் கதவு ஏழரைக்குச் சாத்திடுவாங்க. மூணு தடவை கதவு சாத்தினப்புறம் போனா வேலை கிடையாது. கடைசியா ஏறுறவங்க எப்பவும் அதே ஆளுங்கதாங்க. கைக்குழந்தைக்காரி, தூரத்துலேருந்து நடந்து வர்றவங்க. இறங்கிட்டு இந்த ஜன்னல் முன்னாடி நின்னு என்னையே பார்ப்பாங்க. திட்டக்கூட மாட்டாங்க."

"அவங்களுக்காகவா?"

"பொய் சொல்லக்கூடாது. என் தங்கச்சிக்காக." குரல் உடைந்தது தொண்டைக்கட்டினால்தான், வேறொன்றும் அதில் இல்லை. "அம்மா படுத்த படுக்கை. அவதான் துடைச்சு, ஊட்டிட்டு ஓடி வருவா. ரெண்டு தடவை நானே மைக்குல சொல்லி அவளை இறக்கிவிட்டிருக்கேன். இன்னொரு தடவை ஆனா வேலை போயிடும். அன்னிக்கு அக்கரையில ரெண்டு ஷிப்டுக்கும் சேர்த்து ஆள் வரச் சொல்லியிருந்தாங்க. கூட்டம் அதிகமா இருக்கும், சிவப்பு எரியும்னு முந்தின நாளே தெரிஞ்சுபோச்சு. ஒரே ஒரு நாளைக்கு விளக்கு பச்சையா இருந்தாப் போதும்னு நினைச்சேன். சாயங்காலமே ஸ்பீக்கரைக் கழட்டிக் கல்லால தட்டி எடுத்தேன். காலையில ஓட்டுநர் டீ குடிச்சுக்கிட்டிருந்தப்ப வெச்சேன்."

"காந்தத்தை வெச்சா கருவி ஏமாறும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"அதை மாட்ட வந்த பொண்ணுதான். அன்னிக்கு எங்களை எல்லாம் நிக்கவெச்சு, ஒரு காந்தத்தை அதுல காட்டினா. சிவப்பு எரிஞ்சுது, பச்சை எரிஞ்சுது. 'பாருங்க, விளக்கு நல்லா வேலை செய்யுது'ன்னு சிரிச்சா."

வெளியே யாரோ சீட்டுக் கேட்டார்கள். சீட்டுக்காரம்மா கை நீட்டிக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

ஊசி கேட்க வேண்டியதைக் கேட்டார். "உங்க தங்கச்சி... பதினாலு பேர்ல?"

"இல்ல."

"நீந்திக் கரையேறினாங்களா?"

"படகுலயே இல்ல. அன்னிக்கு அம்மா வாந்தி எடுத்துட்டாங்க. அவ 6:57க்கு வந்து நின்னா. படகு ரெண்டு நிமிஷம் முன்னாடிதான் போயிருந்துச்சு. உனக்காக நான் என்னவெல்லாம் பண்ணேன் தெரியுமாடின்னு இந்த ஜன்னல்லேருந்தே கத்தினேன். அவ அழுதா. அழுதுக்கிட்டிருந்தப்பதான் அந்தப் பக்கத்துலேருந்து சத்தம் கேட்டுச்சு."

மைக்செட் வாசலிலிருந்து ஆற்றைத் திரும்பிப் பார்த்தான்.

"அவ வீட்டுல நல்லா இருக்கா," என்றார் சீட்டுக்காரம்மா. "அவளைப் பார்த்தா சந்தோஷப்படணும்தானே? எனக்கு ஒண்ணும் வரலைங்க. மறுநாள் காலையில வழக்கம்போல வந்து ஜன்னலைத் திறந்தேன். இன்னி வரைக்கும் திறந்துக்கிட்டிருக்கேன்."

"இதையெல்லாம் நாளைக்கு விசாரணைக் குழு முன்னாடி சொல்லணும்."

"சொல்றேன்."

"அதுக்கு முன்னாடி இன்னிக்கே போலீஸ்ல சொல்லணும். நான் கூட வர்றேன்."

"வாங்க."

ஊசி வெளியே வந்து கம்பத்தடி நிழலில் நின்று பொறியாளருக்குப் போன் செய்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்டு முடித்ததும் பொறியாளர் முதலில் கேட்டது அண்ணனைப் பற்றி.

"அண்ணனுக்கு இது தெரியாதா?"

"தெரியாது. அவர் பார்த்தது பச்சை விளக்கு. கிளம்பினார்."

"காந்தத்தை வெச்சா ஏமாறும்னு அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

ஊசி ஒரு கணம் தயங்கினார். நோயாளியிடம் பொய் சொல்லும் வாய்ப்பு முப்பது வருடத்தில் எத்தனையோ தடவை வந்திருக்கிறது.

"நீங்க மாட்டின அன்னிக்குச் செஞ்சு காட்டினீங்களாம்."

"ஆமா," என்றாள் பொறியாளர். "காட்டினேன்." பிறகு அதே தட்டையான குரலில், "அந்தத் தங்கச்சி?"

"வீட்டுல இருக்காங்க."

"சரி. நல்லது. மேடம், என் கருவி இன்னும் மூணு படகுல ஓடுது. நீங்க நிக்கிற துறையில இருக்கிறது அதுல ஒண்ணு. மூணையும் இப்பவே நிறுத்தச் சொல்றேன். சரிபண்ணாம ஓடக்கூடாது. அப்புறம் அண்ணி வீட்டுக்குப் போறேன்."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம். நான்தான் சொல்லணும்."

இரண்டு நிமிடம் கழித்துத் துறையில் நின்ற படகின் ஓட்டுநர் போனை எடுத்துக் காதில் வைத்தார். கேட்டார். இன்ஜினை அணைத்தார். பச்சை விளக்கும் அணைந்தது. அவர் சீட்டு அறையைப் பார்த்துக் கையை ஆட்டினார். இறக்கிவிட வேண்டும் என்பதற்கான சைகை அது.

சீட்டுக்காரம்மா பழக்கத்தில் மைக்கை எடுத்தார். கீழே வைத்தார். அறையை விட்டு வெளியே வந்து, பலகைப் பாலத்தின் முனையில் போய் நின்றார்.

"எல்லாரும் இறங்குங்க," என்றார். குரல் எட்டவில்லை. மைக்செட் பக்கத்தில் போய் நின்று, கையைக் குவித்து, இருபது வருடத் தொழில் குரலில் அதையே திருப்பிச் சொன்னான். இந்தத் தடவை அதோடு எதையும் சேர்க்கவில்லை.

முணுமுணுப்பு எழுந்தது. நேரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் எழவில்லை. மடியில் சாப்பாட்டுப் பை. ஓடி வந்த வியர்வை இன்னும் கழுத்தில் காயவில்லை.

"நான் இறங்க மாட்டேன்," என்றாள். "எனக்கு இது மூணாவது தடவை. ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு இறங்கு இறங்குன்னா ஆச்சா? ஒரு நாள் லேட்டானா எங்களுக்கு என்ன ஆகும்னு உனக்கு என்னம்மா தெரியும்?"

ஊசி கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டுக்காரம்மா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தார். பிறகு பலகையைக் கடந்து படகுக்குள் போனார். கவிழ்ந்த நாளுக்குப் பிறகு அவர் ஒரு படகில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

அவர் கால் வைத்ததும் படகு லேசாகத் தாழ்ந்து ஆடியது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நின்று, கையை நீட்டினார்.

"இறங்கும்மா," என்றார். "பலகை ஈரமா இருக்கு. என் கையைப் பிடிச்சுக்கோ."

அந்தப் பெண் அவரை முறைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் கையைப் பிடித்தாள்.